உள்பக்கம் திருப்பிப் பார்ப்பவள்

திருப்பக்காவின் மேஜையைத் தாண்டி ஒரு குறைச் சட்டை வெளியே போய்விட்டது என்று யாராவது சொன்னால், சொன்னவருக்குத்தான் கண் சரியில்லை என்று அந்தத் துணிக் கம்பெனியில் முடிவு கட்டிவிடுவார்கள். தைத்து முடிந்த உருப்படிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பெட்டிக்கு அனுப்புவது அவள் வேலை. சட்டையோ பாவாடையோ, கைக்கு வந்ததும் முதலில் உள்பக்கத்தை வெளியே திருப்பிவிடுவாள். அதனால் வந்த பட்டம்தான் திருப்பக்கா. "வெளியில பார்த்தா எல்லாச் சட்டையும் புது மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும். உள்ள திருப்பினாத்தான் லட்சணம் தெரியும்" என்பாள். மேஜையைச் சுற்றி இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

மேஜையில் இரண்டு சுருள் ஸ்டிக்கர் இருக்கும். இரண்டும் சின்னச் சின்ன அம்புகள். துணியிலேயே குறை என்றால் மஞ்சள் அம்பு. அது பிறவிக் குறை. யாரையும் திட்ட முடியாது, உருப்படி நேரே கழிவு மூட்டைக்குப் போய்விடும். தையலில் குறை என்றால் சிவப்பு அம்பு. தைத்தவளைக் கூப்பிட்டு, பிரித்துத் திரும்பத் தைக்க வைப்பார்கள். மஞ்சளைச் சிவப்பென்றோ சிவப்பை மஞ்சளென்றோ அவள் ஒட்டியதாகச் சரித்திரம் கிடையாது.

இத்தனை கெட்டிக்காரி பதினெட்டு வருஷமாக அதே மேஜையில்தான் இருக்கிறாள். மூன்று முறை சூப்பர்வைசர் வேலை தேடி வந்தது. மூன்று முறையும் முகத்தில் அடித்தாற்போல் வேண்டாம் என்றுவிட்டாள். அவளுக்குத் தலைக்கனம் என்றார்கள் சிலர். பொறுப்பு எடுக்கப் பயம் என்றார்கள் சிலர். அவள் மேஜை கழிவறைக் கதவுக்கு நாலே எட்டில் இருக்கிறது என்பதை மட்டும் ஒருத்தரும் கவனிக்கவில்லை. மற்றவர்கள் அந்த மேஜையைக் கண்டாலே மூக்கைச் சுளிப்பார்கள். அவள் அதைச் சண்டை போட்டு வாங்கியிருந்தாள்.

சொல்லக் கூசுகிற விஷயம்தான். ஆனால் சொல்லாமல் இருந்தே இருபத்தாறு வருஷம் போய்விட்டது, அதனால் நானே போட்டு உடைத்துவிடுகிறேன். அவளுக்கு மலம் அடங்காது. வருகிறது என்று தெரிந்தால் நாலு எட்டுக்குள் போய்ச் சேர வேண்டும். சில நாள் தெரியாமலே போய்விடும். தும்மினால் பயம், சிரித்தால் பயம், பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் பயம்.

அவள் பையில் எப்போதும் இரண்டு உள்ளாடை, கம்பெனியில் மிஞ்சிய வெட்டுத் துணியை மடித்துத் தைத்த நாலைந்து பட்டைகள், ஒரு பிளாஸ்டிக் உறை, ஒரு சோப்புத் துண்டு இருக்கும். வெளிர் நிறத்தில் எதுவும் உடுத்த மாட்டாள். வெளியே போகிற நாளில் காலையிலிருந்து பட்டினி. ஊரில் எந்தக் கடையில் கழிவறை உண்டு, எந்த பெட்ரோல் பங்கில் தாழ்ப்பாள் உருப்படியாக விழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தன் உடம்பு பிறவியிலேயே இற்றுப்போன உடம்பு என்பது அவள் முடிவு. பிள்ளை பெற்ற வார்டில் ஆயாவும் அதைத்தான் சொன்னாள்: "முக்கக்கூடத் தெம்பில்லாத உடம்பு." அந்தப் பேச்சை அவள் அப்படியே நம்பிவிட்டாள். தனக்குத்தானே மஞ்சள் அம்பு ஒட்டிக்கொண்டு காலம் தள்ளினாள்.

அவளுக்கு ஒரே மகள். அந்தப் பெண்ணுக்கு அம்மா மேல் இருந்த கோபம் ஒருநாளில் வந்த கோபம் இல்லை. பள்ளிக்கூட விழாவுக்கு அம்மா வரவில்லை. கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வரவில்லை, அப்பாதான் போனார். மகள் தானே ஒரு பையனைப் பார்த்து, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு மண்டபத்தில் எல்லாருக்கும் விருந்து வைத்தாள். அன்றைக்கு அம்மா வந்தாள். ஆனால் குடும்பமாக நின்று எடுத்த போட்டோவில் அம்மா இல்லை. பையனைப் பிடிக்காமல்தான் ஒதுங்கிக்கொண்டாள் என்று மகள் மனசில் அது முள்ளாகத் தைத்துவிட்டது. அதன் பிறகு போன் பேச்சு கடமைப் பேச்சாகச் சுருங்கிற்று. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், சரி வைக்கிறேன்.

அப்படி இருந்த மகள் கர்ப்பமாகி ஏழாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள்.

"பிரசவத்துக்கு நீ வரணும்மா. இதுவரைக்கும் நீ எதுக்கும் வரல, போகட்டும். இதுக்கும் ஏதாவது சாக்குப்போக்கு சொன்னேன்னு வையி, அப்புறம் உனக்குப் பொண்ணு இல்லைன்னு நினைச்சுக்கோ."

மகள் இருந்த ஊர் பஸ்ஸில் ஆறு மணி நேரம். இருந்தும் திருப்பக்கா "வர்றேன்டி" என்று சொல்லிவிட்டாள். எப்படிப் போவது என்பதற்கு ஒரு வழியும் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் எப்போது ஆரம்பித்தது என்று மகள் கேட்பாள். நீ பிறந்ததிலிருந்து என்று எந்தத் தாயின் வாயிலிருந்து வரும்? அந்த ஒரு பதிலுக்குப் பயந்துதான் அவள் இத்தனை காலம் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளே அரை நாள் விடுப்புப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"டாக்டரம்மா, ஒரு நாள் முழுக்க வயித்தை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு மாத்திரை குடுங்க. பஸ்ல போகணும்."

வேறு டாக்டர் என்றால் எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார். இந்தப் பெண் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வயித்துப்போக்கா, இல்ல அடக்க முடியலையா? தும்மும்போது, வேகமா நடக்கும்போது, உங்களுக்குத் தெரியாமலே போயிடுதா?" என்று கேட்டார். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்பதைப் போலச் சாதாரணமாகக் கேட்டார்.

அவ்வளவுதான். திருப்பக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அத்தனை வருஷத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் இந்தக் கேள்வி வந்ததில்லை. டாக்டர் அவள் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு கையுறை போட்டுப் பரிசோதித்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதினார். "இது நிறையப் பொம்பளைங்களுக்கு இருக்கு. எல்லாரும் உங்களை மாதிரியே மென்னு முழுங்கிக்கிட்டு இருக்காங்க" என்றார்.

ஸ்கேன் என்றதும் பக்கத்து வீட்டுக்காரி பெரிய அனுபவசாலி மாதிரி யோசனை சொன்னாள்: நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஒன்றுக்குப் போகாமல் அடக்க வேண்டும். வயிற்று ஸ்கேனுக்கு அது சரி. திருப்பக்கா ஒன்றரைப் பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, முன்னும் பின்னும் அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ஸ்கேன் அறை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிட்டபோது அவளால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

"யாரும்மா உங்களைத் தண்ணி குடிக்கச் சொன்னது?" ஸ்கேன் டாக்டர் பருமனான அம்மாள், குரலும் அதற்கேற்ற குரல். "முதல்ல போய்ட்டு வாங்க. அந்தக் கதவுதான். நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

திரும்பி வந்ததும் கட்டிலில் புதுக் காகிதத்தை இழுத்து விரித்து, இடதுபக்கமாகப் படுக்கச் சொல்லி, முழங்காலை மடக்கச் சொன்னார். இடுப்பின் மேல் ஒரு போர்வையைப் போர்த்தினார். விரல் தடிமனில் இருந்த ஒரு குச்சியை எடுத்துக் காட்டி, அதற்கு உறை மாட்டி, களிம்பைத் தடவினார். "இது ஆசனவாய்க்குள்ள கொஞ்ச தூரம் போகும். சுத்தி இருக்கிற தசையைப் படம் பிடிக்கும். ஊசி கிடையாது, கத்தி கிடையாது. கூச்சமா இருக்கும், வலிக்காது. வலிச்சா சொல்லுங்க, உடனே எடுத்துடுறேன்."

வலிக்கவில்லை. கூச்சத்துக்குக் குறைவில்லை. இருந்தாலும் பிள்ளை பெற்றபோது வார்டில் நாலு பேர் சத்தம் போட்டுக்கொண்டு நின்ற அந்தப் பழைய நாளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. திருப்பக்கா சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை.

"டாக்டர், அந்தப் படத்தை நானும் பார்க்கலாமா?"

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். கறுப்பு வெள்ளையில் வட்டத்துக்குள் வட்டம். நடுவில் குச்சியின் வட்டம், அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு மெல்லிய வளையம், அதற்கும் வெளியே சாம்பலும் வெள்ளையுமாகத் தடித்த வளையம். "கறுப்பு உள்தசை. அது தானா இறுக்கிப் பிடிச்சிருக்கும். வெளியில இருக்கிற தடிச்ச தசையை நாமளா இறுக்கலாம். இப்ப இறுக்குங்க பார்ப்போம்" என்றார் டாக்டர்.

அவள் இறுக்கினாள். கண் வளையத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கீழே சரி, பக்கத்தில் சரி. மேலே வந்ததும் நின்றது. கடிகாரத்தில் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்குமான இடத்தில் வளையமே இல்லை. இறுக்கியபோது இரண்டு முனைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின.

"அங்க விட்டுப்போச்சு" என்றாள்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "எங்க?"

"மேல. பாவாடைக்கு எலாஸ்டிக் வைக்கும்போது முதல்ல ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்கணும். அப்புறம்தான் துணியை மூடணும். இங்க முனையைச் சேர்க்கவே இல்ல. மேல துணியை மட்டும் மூடித் தைச்சிருக்காங்க. வெளியில பார்த்தா தெரியாது."

"இதைப் படிக்க எங்க பசங்களுக்கு ஆறு மாசம் ஆகுதும்மா" என்றார். பிறகு கேட்டார்: "பிரசவம் எப்படி ஆச்சு?"

"ஆயுதம் போட்டு எடுத்தாங்க. நாலு கிலோ இருந்தா. கிழிஞ்சிடுச்சுன்னு தையல் போட்டாங்க."

"அதான். தோலைத் தைச்சிருக்காங்க, தசையைப் பார்க்கல. அன்னைக்கே ஒரு விரலை விட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அப்பவே சேர்த்துத் தைச்சிருந்தா பெரும்பாலும் கூடியிருக்கும்."

"அப்போ என் உடம்புல குறை இல்லையா?"

"உங்க உடம்புல என்ன குறை? தைச்சதுல குறை."

திருப்பக்காவுக்கு முதலில் மனசு லேசாக இருந்தது. மருந்துக் கவுண்டரைத் தாண்டுவதற்குள் அந்த லேசு போய் எரிச்சல் மூண்டது. எவளோ ஒருத்தி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் பாஸ் போட்டதற்கு இவள் மகளின் அத்தனை விழாவையும் விட்டுக்கொடுத்திருக்கிறாள். கம்பெனியில் அப்படி ஒருத்தி பாஸ் போட்டால் திருப்பக்கா நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேட்டுவிடுவாள். இந்தச் சிவப்பு அம்பை யார் நெற்றியில் ஒட்டுவது? தைத்தவள் எங்கே இருக்கிறாளோ, இருக்கிறாளோ இல்லையோ.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் படத்தைக் காட்டினாள். அவர் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர், வாயில்லாத மனுஷர். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பேர் தெரியாது. கஷ்டம் தெரியும். நீயா சொல்லாததை நானா எப்படிக் கேக்குறது?"

அவர் எந்த வீடு பார்த்தாலும் கழிவறை உள்ளே இருக்கிறதா என்று முதலில் பார்த்ததும், எந்த வண்டியில் ஏறினாலும் கதவோர இருக்கைக்கு முண்டியடித்ததும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

முதலில் பார்த்த டாக்டர் மந்திரம் எதுவும் போடவில்லை. மலத்தைக் கெட்டிப்படுத்த ஒரு பொடியும், ஒரு மாத்திரையும், தசையை இறுக்கி விடுகிற பயிற்சியும் கொடுத்தார். அறுவை செய்யலாமா என்று பிறகு பார்க்கலாம், இத்தனை வருஷம் கழித்துத் தைத்தால் முழுசாகச் சரியாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று உள்ளதைச் சொன்னார். திருப்பக்கா மேஜையில் நின்றபடியே பத்து எண்ணி இறுக்கினாள், பத்து எண்ணி விட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஆறு வாரத்தில் தினப்படி அவதி வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. அவளுக்கு அதுவே பெரிய வரவு.

ஆனால் ஒரு விஷயம் அவளைத் தூங்கவிடாமல் அரித்தது. டாக்டர் போகிற போக்கில் சொன்னது அது: மகளுக்கும் பிள்ளை பெரிசு என்று சொல்கிறார்களா, அப்படியானால் பிறந்ததும் அங்கே யாராவது சரியாகப் பார்க்க வேண்டும். மகள் கேட்டால்தான் பார்ப்பார்கள் என்று இல்லை. கேட்டால் கட்டாயம் பார்ப்பார்கள். மகள் கேட்க வேண்டுமென்றால் மகளுக்குத் தெரிய வேண்டும். எதைச் சொன்னால் மகள் மனசு உடையும் என்று பயந்தாளோ, அதைச் சொல்லாவிட்டால் மகள் உடம்பே உடைந்துபோகலாம். திருப்பக்கா பையைக் கட்டினாள்.

ஆறு மணி நேரப் பயணத்தில் ஐந்து மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கொஞ்சம் ஆகிவிட்டது. பட்டை தாங்கிற்று. இறங்கியதும் பஸ் நிலையக் கழிவறையில் மாற்றிக்கொண்டாள். பழைய நாளாக இருந்தால் அங்கிருந்தே திரும்பிப் போயிருப்பாள்.

மகள் கட்டிலில் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "பரவால்லையே, வழி தெரிஞ்சு வந்துட்டே" என்றாள். திருப்பக்கா பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு துணியாக எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். மூன்றாவது துணி முடிந்ததும் பையிலிருந்து ஸ்கேன் படத்தை எடுத்து மகள் மடியில் வைத்தாள்.

"என்னம்மா இது? யாரோட குழந்தை?"

"குழந்தை இல்ல. நான்தான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முகத்தைப் பார்க்காமல், கையில் துணியைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். பையில் என்ன இருக்கிறது, மேஜை ஏன் அங்கே இருக்கிறது, பள்ளிக்கூட விழா அன்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடியது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியில் மகள் வாயிலிருந்து அந்தக் கேள்விதான் வந்தது.

"அப்போ என்னாலதானாம்மா?"

திருப்பக்கா இதற்குத்தான் ஆறு வாரமாகப் பதில் தயார் செய்திருந்தாள். "இல்லடி. எனக்குத் துணிக் குறை எது, தையல் குறை எதுன்னு தெரியாதா? இது தையல் குறை. துணி மேல குத்தமில்ல. அது வழியா வந்த உன் மேலயும் குத்தமில்ல. தைச்சவ திருப்பிப் பார்க்கல, அவ்வளவுதான்."

மகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணப் போட்டோ எடுத்தப்போ?"

"பாத்ரூம்ல இருந்தேன். துவைச்சுட்டு, ஈரத்தோட எப்படி வெளியில வர்றதுன்னு தெரியாம நின்னேன். போட்டோகிராபர் 'எல்லாரும் வந்தாச்சா'ன்னு கேட்டது காதுல விழுந்துது."

மகள் முகம் சுருங்கிற்று. "'வந்தாச்சு, எடுங்க'ன்னு சொன்னது நான்தான்."

"தெரியும். உன் குரல் எனக்குத் தெரியாதா?"

மகள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். வயிறு நடுவில் இடித்தது. "போதும்டி, குழந்தைத் துணியெல்லாம் நனையுது" என்று அம்மாதான் அதட்ட வேண்டியிருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில், மகளுக்கு மூணே முக்கால் கிலோவில் பெண் குழந்தை பிறந்தது. சேதி கேட்டு வந்துசேர்ந்த வீட்டுக்காரரும் மாப்பிள்ளையும் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார்கள். இளம் டாக்டர் ஒருத்தி வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, தையலும் போட்டாயிற்று என்றாள். திருப்பக்கா வழியை விடவில்லை.

"தையல் போட்டதும் உள்ள தசையைப் பார்த்தீங்களாம்மா?"

"எல்லாம் போட்டாச்சு. நீங்க அங்க போய் உட்காருங்க."

"போட்டீங்க சரி. பார்த்தீங்களா?"

இளம் டாக்டருக்கு முகம் கடுத்தது. அந்த நேரம் உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது. பிள்ளை பெற்ற களைப்பில் கம்மிய குரல், ஆனால் வராந்தா முழுக்கக் கேட்டது. "டாக்டர், எங்கம்மாவுக்கு அப்படித்தான் விட்டுட்டாங்க. இருபத்தாறு வருஷமா அவங்களுக்கு மலம் அடங்கல. எனக்குப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் திருப்பக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். காது மடல்வரை சூடேறியது. ஆனால் பூமி பிளக்கவில்லை. ஒரு நடுவயதுப் பெண் மட்டும் பார்வையை எடுக்காமல், ஏதோ கேட்க வேண்டும் போல உட்கார்ந்திருந்தாள்.

இளம் டாக்டர் உள்ளே போய்ப் பெரிய டாக்டரையும் கூப்பிட்டுக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது முகத்தில் கடுப்பு இல்லை. "ரெண்டு பேரும் நல்லா பார்த்தோம்மா. தசை கிழியல. நல்லாத்தான் இருக்கு. நீங்க வீணா பயந்துட்டீங்க."

"வீண் இல்லம்மா" என்றாள் திருப்பக்கா. "நூறு சட்டை திருப்பினா தொண்ணூத்தஞ்சு நல்லாத்தான் இருக்கும். நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் திருப்புறது."

மத்தியானம் மகளை வார்டுக்கு மாற்றினார்கள். மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கட்டிலைச் சுற்றி எல்லாரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்று போனைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துத் திருப்பக்காவின் வயிறு கூப்பிட்டது. பையை எடுத்துக்கொண்டு வார்டு மூலையில் இருந்த கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். இந்தத் தடவை சரியான நேரத்தில் வந்துவிட்டாள். இருந்தாலும் முடிய நேரம் ஆகும்.

மரக் கதவு; வெளிச் சத்தம் தெளிவாகக் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிப்பது கேட்டது. போட்டோ எடுக்க யாரோ ஒரு நர்ஸ் வந்திருக்கிறாள் போலிருக்கிறது. "எல்லாரும் வந்தாச்சா? எடுக்கவா?" என்று கேட்டாள்.

திருப்பக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல" என்றாள் மகள். "எங்கம்மா பாத்ரூம் போயிருக்காங்க. அவங்களுக்கு நேரம் ஆகும். வரட்டும், காத்திருக்கோம்."

திருப்பக்கா குழாயைத் திறந்தாள். சோப்பை எடுத்து, அவசரப்படாமல் கையைக் கழுவிக்கொண்டாள்.